மஞ்சள் பூசின கல்லும் காசியம்மா ஆடும்

புதுசா மண்ணு சுத்தம் பண்ற வேலைக்கு வந்திருக்கிற பிள்ளைங்களுக்கு,

என் எழுத்து கோணலா இருக்கும், பொறுத்துக்கங்க. அஞ்சாவது வரைக்கும்தான் படிச்சேன். அதுக்கப்புறம் பேனா பிடிச்சது கையெழுத்துப் போட மட்டும்தான். மறதியும் ஜாஸ்தி. ஒரு வரி எழுதிட்டு நிமிர்ந்தா, அடுத்த வரிக்கு என்ன நினைச்சிருந்தேன்னு தெரியறதில்லை. உங்க மேடம் வந்து, "பச்சையம்மா, பசங்களுக்கு உங்க அனுபவத்தை மைக்குல பேசுங்க"ன்னாங்க. மைக்குன்னு கேட்டதும் எனக்கு நாக்கு உள்ளே போயிடுச்சு. நாலு பேர் ஒண்ணாத் திரும்பிப் பார்த்தாலே புடவைத் தலைப்பைத் தேடற ஆளு நான். எழுதியே குடுத்துடறேன்னு சொல்லித் தப்பிச்சேன்.

உங்களுக்கு இப்போ மிஷின் இருக்கு, கைக்கு உறை இருக்கு, மூக்குக்கு மூடி இருக்கு. மண்ணை எப்படித் தோண்டணும், எப்படிக் கழுவணும்னு நான் சொல்லித் தர ஒண்ணும் இல்லை. நான் சொல்ல வந்தது ஒரு கல்லைப் பத்தியும் ஒரு ஆட்டைப் பத்தியும்தான்.

எழுபதுகளோட கடைசி அது. அப்போ நம்ம ஊரு வட ஆற்காடு ஜில்லா. அடி அண்ணாமலைக்கு அந்தாண்ட, மெயின் ரோட்டுலேர்ந்து பிரியற சின்ன ரோட்டுல போனா, அதை ஒட்டி ஒரு பெரிய பொட்டல் வரும். பட்டாளத்துக்காரங்க பல காலமா வந்து குண்டு போட்டுப் பழகின இடம். பழகறதை நிறுத்திட்டாங்க, இனிமே அங்க மரம் நடலாம்னு சர்க்கார்ல முடிவு பண்ணினாங்க. மரம் நடறதுக்கு முன்னாடி மண்ணைச் சுத்தம் பண்ணணுமே, அதுக்குத்தான் எங்களை எடுத்தாங்க. எல்லாம் அக்கம்பக்கத்து ஊருப் பொம்பளைங்க.

முழுக் குண்டு கிடந்தா அதை எடுக்கறது பட்டாளத்து ஆளுங்க வேலை. அரைகுறையா வெடிச்ச குண்டு உடைஞ்சு, உள்ளே இருக்கிற மருந்து கொட்டி, மண்ணோட மண்ணா ஊறிக் கிடக்கும். அதை நாங்க மருந்து மண்ணுன்னு சொல்வோம். புல்லு முளைக்காத திட்டா, மஞ்சளா இருக்கும், சில இடத்துல செம்பட்டையா இருக்கும். காஞ்சிருந்தா உரசினாலே பத்திக்கும்னு அதை நனைச்சு, சுரண்டி, இரும்புப் பாண்டுல அள்ளி, அதுக்குன்னு வெட்டின குழிக்குக் கொண்டு போவோம்.

அப்போ கைக்கு உறையெல்லாம் கிடையாது. வேலைக்குப் போன கொஞ்ச நாள்லயே எங்க எல்லார் உள்ளங்கையும் மஞ்சளாப் போச்சு. சோப்பு போட்டாலும் போகல, சீயக்காய் போட்டாலும் போகல. என் மாமியார் தெருவுக்கே கேக்கற மாதிரி, "எங்க வீட்டு மகாராணி தினமும் கிழங்கு கிழங்கா மஞ்சள் அரைச்சுப் பூசிக்கறா"ன்னாங்க. கை மட்டும் இல்லை, அந்தக் கையால பிசைஞ்ச சோறும் கசந்தது. என் வீட்டுக்காரர் கத்திரிக்காய்க் குழம்பை வாயில வெச்சுட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். "என் மேல ஏதாவது கோவமா?"ன்னு கேட்டார். கல்யாணம் ஆனதுலேர்ந்து அவர் என்கிட்ட பயந்து பேசினது அந்த ஒரு நாள்தான். வேலை மண்ணை வீட்டுக்குக் கொண்டு போகாதீங்கன்னு உங்க மேடம் பத்துத் தடவை சொல்லியிருப்பாங்க. நான் குழம்பை வெச்சுச் சொல்றேன், அவ்வளவுதான்.

எங்களுக்கு மேல, பட்டாளத்துலேர்ந்து ரிட்டயர்டு ஆன அவுல்தார் ஒருத்தர் இருந்தார். வேலூர்ப் பக்கத்து ஆளு. பேரு எழுதினா அவருக்குப் பிடிக்காது, அதனால எழுதல. முதல் நாள் எங்களை உக்கார வெச்சு அவர் சொன்னது ரெண்டே விஷயம். காஞ்ச மண்ணைத் தொடாதே. கத்தாதே.

"பாம்பு வந்தா?"ன்னு கேட்டா குப்பு அக்கா. எங்க கூட்டத்துல வாய் அவளுக்குத்தான். எனக்கும் சேர்த்து அவளே பேசிடுவா.

"பாம்பு வந்தாலும் கத்தாதே. கத்தினா ஜனம் ஓடும். எந்தப் பக்கம் ஓடும்னு உனக்கும் தெரியாது, ஜனத்துக்கும் தெரியாது. கீழே கிடக்கற குண்டுக்கு மட்டும்தான் தெரியும்."

இந்த வேலை எனக்குன்னே செஞ்சு வெச்ச மாதிரி இருந்தது. பிறந்ததுலேர்ந்து நான் கத்தினதே இல்லை.

ஒரு நாள் பொட்டலுக்கு நடுவுல ஒரு மஞ்சத் திட்டுல குப்பு அக்கா மண்வெட்டி வெச்சா. ணங்குன்னு ஒரு சத்தம். எல்லாரும் அப்படியே நின்னோம். அவுல்தார் வந்து, குப்புறப் படுத்து, விரலாலேயே மண்ணைத் தள்ளிப் பார்த்தார். உள்ளே பெருசா இரும்பு ஏதோ இருக்கு, அதைச் சுத்தி வெல்லக்கட்டி மாதிரி மருந்து கட்டி கட்டியாக் கிடக்கு. எழுந்து மார்பைத் தட்டி விட்டுக்கிட்டு, "மூடு. இது நம்ம வேலை இல்லை. மெட்ராஸ்லேர்ந்து பட்டாளத்து ஆளு வரணும்"னார். சொல்லி அனுப்பினார். மெட்ராஸ்காரங்க வர்றோம்னாங்க. எப்போன்னு சொல்லல.

நாங்க அந்த இடத்தைச் சுத்தி வட்டமாவும், ரோட்டுலேர்ந்து அங்க வர்ற வழியையும் சுத்தம் பண்ணி, ரெண்டு பக்கமும் சுண்ணாம்புக் கோடு போட்டோம். கோட்டுக்கு அந்தாண்ட எதையும் தொடல. இனி, ஆளு வர்ற வரைக்கும் அந்த நடு இடத்தை யாரும் மிதிக்காம இருக்கணும். அதுக்கு ஒரு அடையாளம் வேணும்.

முதல்ல சிவப்புத் துணியில கொடி நட்டோம். மறுநாள் பார்த்தா குச்சி இருக்கு, துணி இல்லை. இன்னொரு துணி கட்டினோம். மறுநாள் குச்சியும் இல்லை. செங்கம் பஸ்ல ஒருத்தர் சிவப்பு முண்டாசு கட்டிக்கிட்டு ஏறினார். குப்பு அக்கா என் விலாவுல இடிச்சு, "நம்ம கொடி டிக்கெட் எடுக்குது பாருடி"ன்னா.

அப்புறம் போர்டு. தேரடிப் பக்கத்துல லாட்ஜுக்கெல்லாம் போர்டு எழுதற பெயிண்டர் ஒருத்தர்கிட்ட, மண்டை ஓடும் அதுக்குக் கீழே குறுக்கா ரெண்டு எலும்பும் போட்டு அபாயம்னு எழுதித் தரச் சொன்னார் அவுல்தார். அந்த மனுஷனுக்குச் சாமி படம் போட்டுப் போட்டே கை பழகினது. மண்டை ஓட்டுக்கும் ஒரு களை வந்துடுச்சு. பல்லு விழுந்த கிழவர் ஒருத்தர் கையெடுத்துக் கும்பிட்டுச் சிரிக்கற மாதிரி இருந்தது. வழியில போனவங்க நின்னு பார்த்து, "இவரு எந்தக் கட்சி?"ன்னு கேட்டாங்க. அந்தப் போர்டும் ஒரு வாரத்துல காணோம். தேடிப் போனா, காசியம்மா வீட்டுக் கோழிக்கூண்டுக்குக் கதவா நிக்குது.

காசியம்மாவைப் பத்திச் சொல்லணும். பௌர்ணமிக்குக் கிரிவலம் வர்றவங்களுக்குத் தேங்காய், கற்பூரம் விக்கற கடை வெச்சிருந்தா. கணீர்னு குரல். அவ கடையில பேரம் பேசினா மலையைச் சுத்தி முடிச்சவங்களுக்கும் கேக்கும். போர்டைக் கேட்டா, "காத்துல பறந்து வந்துச்சும்மா, நான் இன்னா பண்றது? இந்தக் கிழவரு வந்ததுலேர்ந்து கூண்டுல நரி வாய் வெக்கறதில்ல. குடுக்க மாட்டேன் போ"ன்னுட்டா.

மூணாவதா, ஒரு ஆள் தூக்கற அளவுல பெரிய கல்லு ஒண்ணைக் கொண்டு போய், மூடின மண்ணு மேலயே மெதுவா வெச்சு வெள்ளை அடிச்சோம். ஆடு மேய்க்கறவங்க அது மேல உக்காந்து பீடி குடிச்சுட்டுப் போயிருந்தாங்க. துண்டு பீடியைப் பார்த்த அவுல்தாருக்கு வேர்த்துக் கொட்டிடுச்சு.

"இந்த ஜனம் எதுக்குத்தான் பயப்படும்?"ன்னு கேட்டார்.

"பயந்து யாரு ஒதுங்கினா? சாமின்னா ஒதுங்குவாங்க"ன்னா குப்பு அக்கா. தன் மஞ்சக் கையையே திருப்பித் திருப்பிப் பார்த்தா. "நமக்கே பூசி விட்டிருக்கு, கல்லுக்கும் பூசினா இன்னா?"

அடுத்த நாள் அவ வீட்டு மஞ்சளைக் குழைச்சுக் கொண்டு வந்து கல்லுக்குப் பூசினா. நான் குங்குமம் வெச்சேன். இன்னொருத்தி வேப்பிலையில மாலை கட்டிப் போட்டா. அவுல்தார் தள்ளி நின்னு, பட்டாளத்துல டெண்டு அடிக்கறதைப் பார்க்கற மாதிரி கண்ணைச் சுருக்கிப் பார்த்து, "குங்குமம் கொஞ்சம் வலது பக்கம்"னார்.

அதிசயம்தான். ஒரு கால் தடம் கிடையாது. ஆடு மேய்க்கறவங்க செருப்பைக் கழட்டிட்டுச் சுத்திக்கிட்டுப் போனாங்க. அவுல்தாருக்குச் சந்தோஷம் தாங்கல. பட்டாளத்துலயே இந்த ஐடியா யாருக்கும் வரலேன்னார்.

அப்புறம் ஒரு நாள் கல்லு மேல ஒரு முழம் பூ இருந்தது. யாரோ நல்ல மனசுக்காரங்கன்னு விட்டுட்டோம். அடுத்து ஒரு எலுமிச்சம்பழம். அடுத்து தேங்காய் ஓடு. அவுல்தார் சிரிக்கறதை நிறுத்தினார். அதுக்கடுத்து ஒரு நாள் கல்லுக்கு முன்னாடி கறுப்பா, உள்ளங்கை அகலத்துக்குக் கற்பூரக் கரி. அவுல்தார் குந்தி, அதை விரலால தொட்டுப் பார்த்தார். அப்புறம் டவுனுக்குப் போய் மெட்ராசுக்குத் தந்தி அடிச்சுட்டு வந்தார்.

"மஞ்சளைக் கழுவிடலாமா?"ன்னு எங்களைக் கேட்டார்.

"ஐயோ"ன்னா குப்பு அக்கா. "பூசறப்ப பூசிட்டோம். கழுவினோம்னு தெரிஞ்சா, ஊருல எந்தப் பிள்ளைக்கு அம்மை போட்டாலும் நம்ம வீட்டு வாசல்லதான் வந்து நிப்பாங்க."

அதுவும் சரிதான். தினமும் ஒருத்தி கல்லுக்குப் பக்கத்துல உக்காந்து பார்த்துக்கணும்னு முடிவாச்சு. நாங்க வர்றதுக்கு முன்னாடி யாராவது வந்தா என்ன பண்றதுன்னு யாரும் யோசிக்கல.

இதுக்கு நடுவுல காசியம்மாவோட ஆடு காணாமப் போச்சு. அவளுக்குப் பெத்த பிள்ளையை விட அந்தக் கிடா மேல பாசம். தேடாத இடமில்லை. கடைசியில எங்க கல்லுக்குப் பக்கத்துல, வேப்பிலை மாலையை மென்னுக்கிட்டு நின்னுச்சு. நாங்க அதை, மாலை திங்க வந்த திருட்டு ஆடுன்னு நினைச்சோம். காசியம்மா, ஆத்தா பிடிச்சு வெச்சிருந்து குடுத்தான்னு நினைச்சா. ஆடியில அங்கேயே பொங்கல் வெச்சு, அந்தக் கிடாவை வெட்டாம ஆத்தாளுக்கே நேர்ந்து விடறதா வேண்டிக்கிட்டா. எங்க காதுக்கு மட்டும் வரல, கடைக்கு வர்ற அத்தனை பேருக்கும் சொன்னா. தேங்காயும் விக்கணுமே.

ஆடி வெள்ளிக்கிழமை. வேலைக்குப் போய்க்கிட்டு இருக்கோம், பொட்டல்லேர்ந்து பம்பை மேளச் சத்தம் கேக்குது. அவுல்தார் நடையை நிறுத்தினார். கல்லைச் சுத்தி நாங்க சுத்தம் பண்ணின வட்டத்துல முப்பது, நாப்பது பேர் நிக்கறாங்க. குழந்தைங்க வேற. கல்லுக்கு முன்னாடி மூணு செங்கல், அதுல சுள்ளி, மேல புதுப்பானை. காசியம்மா கையில தட்டு, தட்டுல கற்பூரம். பக்கத்துல ஒருத்தர் தீக்குச்சி கிழிக்கறார், ஆடிக் காத்து அணைக்குது. அவர் கிழிக்கறார், அது அணைக்குது. இன்னிக்கும் ஆடியில காத்து அடிச்சா எழுந்து நின்னு கும்பிடத் தோணுது எனக்கு.

குப்பு அக்கா வாயைத் தொறந்தா. அவுல்தார் அவ முகத்துக்கு நேரா கையை நீட்டினார். "கத்தாதே. ஓடாதே. நட"ன்னார். கோட்டுக்கு இந்தாண்ட நிக்கற வரைக்கும் அவங்க காலுக்குப் பயமில்லை. பயந்து சிதறி ஓடினா நாலா பக்கமும் நாங்க தொடாத மண்ணு. நின்னா அடுப்பு, ஓடினா பொட்டல். சந்தைக்குப் போற மாதிரி நடந்து போனோம்.

அவுல்தார் மெதுவாத்தான் ஆரம்பிச்சார். "அம்மா, இங்க நெருப்பு வெக்கக் கூடாது. இது சர்க்கார் இடம்."

"சர்க்கார் இடத்துல சாமி இருக்கக் கூடாதா?"ன்னா காசியம்மா. "வெச்சது யாரு? நீங்கதானே? பச்சையம்மா பொட்டு வெச்சதை ஊரே பாத்துச்சு. வெச்சுட்டு பட்டினி போடறீங்களே, நல்லா இருக்குதா?"

கூட்டத்துல சிரிச்சாங்க. அவுல்தார் கிட்டப் போய், அவளுக்கு மட்டும் கேக்கற மாதிரி, "கீழே குண்டு இருக்கும்மா"ன்னார்.

"இந்தக் கதையத்தான் எங்க அப்பன் காலத்துலேர்ந்து சொல்லிகினு கீறீங்க, சுள்ளி பொறுக்க விடாம. எங்க அப்பன் எண்பது வயசு வாழ்ந்துதான் போனாரு. நீ கிழி அண்ணா!"

அந்த அண்ணன் வேட்டியை மறைப்பாப் பிடிச்சுக்கிட்டு, குனிஞ்சு, அடுத்த குச்சியைக் கிழிச்சார். இந்தத் தடவை அது அணையல.

அவுல்தார் முகத்தைப் பார்த்தேன். அவர் அந்தக் குச்சியையே பார்த்துக்கிட்டு இருந்தார். குப்பு அக்காவைப் பார்த்தேன். பேசறதுக்குன்னே பிறந்தவளுக்கு வாய் அடைச்சுப் போச்சு. எனக்கு அத்தனை பேர் முன்னாடி பேச வராது. ஆனா காசியம்மா ஒருத்தி காதுல பேச வரும். போய் அவ தோள்பட்டையைத் தொட்டு, "அக்கா, உத்தரவு கேட்டாச்சா?"ன்னேன்.

அவ்வளவுதான் சொன்னேன். புதுசா ஒரு சாமிக்கு முதல் பொங்கல் வெச்சு ஆடு விடறோம்னா, ஆட்டுத் தலையில மஞ்சத் தண்ணி தெளிச்சு நிக்கணும். அது உடம்பைச் சிலுப்பினா ஆத்தா ஒத்துக்கிட்டான்னு அர்த்தம். சிலுப்பாம அடுப்பு மூட்ட மாட்டாங்க.

காசியம்மா நெத்தியில அடிச்சுக்கிட்டா. "அட ஆமா! நல்ல நேரத்துல சொன்னா இந்த ஊமைச்சி. அண்ணா, குச்சியை ஊது! முதல்ல ஆடு சிலுப்பட்டும்!"

அவர் ஊதினார். ஆனா ஆடு எந்த நேரமும் சிலுப்புமே. தலையில தண்ணி பட்டா எந்த ஆடுதான் சும்மா நிக்கும்? அதனால, "நான் கயிறு பிடிச்சுக்கறேன் அக்கா"ன்னு போய் நின்னேன்.

காசியம்மா ஒரு சொம்பு ஊத்தினா. பம்பை வேகமாச்சு. ஆட்டுக்குக் காது துடிச்சது, முதுகுத் தோல் நெளிஞ்சது. நான் என்ன பண்றேன்னு தெரியாமலே ரெண்டு கொம்புக்கு நடுவுல விரலை விட்டுச் சொறிஞ்சேன். ஆடு அப்படியே கண்ணை மூடிக்கிச்சு. கழுத்தை நீட்டி என் வயித்துல சாஞ்சுக்கிச்சு. நான் சொறியறேன், அது சொக்குது.

"ஆத்தா, உத்தரவு குடு!"ன்னு கூட்டம் கூவுது. இன்னொரு சொம்பு. ஆடு தூங்கியே போயிடும் போல இருந்தது. பம்பை அடிக்கறவருக்குக் கை ஓய்ஞ்சு, "இன்னாம்மா, ஆத்தா வீட்டுல இல்லையா?"ன்னார்.

"ஆத்தா யோசிக்கறா"ன்னா குப்பு அக்கா. அவளுக்கு வாய் திரும்ப வந்துடுச்சு.

காசியம்மா என்னை உத்துப் பார்த்தா. "கயித்த வுடு பச்சையம்மா. நீ பிடிச்சுகினு இருந்தா அது எப்படிச் சிலுப்பும்?"

விடாம என்ன பண்ண? விட்டேன். ஆடு கண்ணைத் தொறந்து, சுத்தி நிக்கறவங்களை எல்லாம் ஒரு தடவை பார்த்தது. நேரா கல்லுகிட்டப் போச்சு. ஆத்தா கழுத்துல இருந்த புது வேப்பிலை மாலையைப் பல்லால பிடிச்சு, ஒரே இழுப்பா இழுத்து, மெல்ல ஆரம்பிச்சது.

பம்பை நின்னுச்சு. அப்போ அவுல்தார், இத்தனை நாள் மெதுவாவே பேசின மனுஷன், பரேடு மைதானத்துக் குரல்ல சொன்னார்: "ஆத்தா மாலையைக் கழட்டறா! இந்த இடம் வேணாம்ங்கறா!"

காசியம்மாவுக்குக் கண்ணு கலங்கிடுச்சு. "பின்ன எங்கதான் உக்காருவாளாம்?"

எல்லாரும் திரும்பினது என் பக்கம். நான் தலைப்பைத் தேடினேன். தலைப்பு ஆட்டு வாயில இருந்தது. "ரோட்டோர வேப்பமரம்"னேன். எத்தனை பேருக்குக் கேட்டதோ, காசியம்மாவுக்குக் கேட்டா ஊருக்கே கேட்ட மாதிரிதான்.

கல்லைத் தூக்க நாலு ஆம்பளைங்க வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு முன்னாடி வந்தாங்க. கல்லு ஏடாகூடமா அசைஞ்சா அடியில இருக்கற மருந்து சும்மா இருக்குமா? அவுல்தார் குறுக்கே நின்னார். "இடம் மெழுகாம ஆத்தாளைத் தூக்கக் கூடாது. நீங்க எல்லாரும் முன்னாடி போய் மெழுகிக் கோலம் போடுங்க. ஆத்தா வர்ற வழி இது. ஒருத்தர் பின்னாடி ஒருத்தர்தான் போகணும். கோட்டைத் தாண்டினா குத்தம்!"

குண்டுன்னு சொன்னப்ப கேக்காத ஜனம், குத்தம்னதும் சுண்ணாம்புக் கோட்டுக்கு நடுவுல எறும்பு மாதிரி போச்சு. பானை, செங்கல், பம்பை, குழந்தைங்க எல்லாம். கடைசியா ஆடும் குப்பு அக்காவும். கடைசி ஆளு மரத்தடி போய்ச் சேர்ற வரைக்கும் அவுல்தார் அசையல.

அப்புறம் அவரும் நானும் கல்லைச் சுத்தி இருந்த தண்ணியெல்லாம் ஊத்தி மண்ணை ஊற வெச்சோம். அவுல்தார் பூட்ஸைக் கழட்டினார். பாதுகாப்புக்கா, பக்திக்கான்னு நான் கேக்கல. "நீ போ பச்சையம்மா"ன்னார். எனக்குப் போகத் தோணல, ஆனா போகச் சொன்னா போகணும், போனேன். வழியில பாதி தூரத்துல திரும்பிப் பார்த்தேன். குந்தி, ரெண்டு கையையும் கல்லுக்கு அடியில குடுத்து, தூங்கற குழந்தையைத் தூக்கற மாதிரி நேரா மேல தூக்கினார். சத்தம் ஒண்ணும் வரல. தோள்ல வெச்சுக்கிட்டு வந்தார். ரோட்டுல பொம்பளைங்க குலவை போட்டாங்க. அவர் முகம் பூரா மஞ்சளும் குங்குமமும். குப்பு அக்கா, "சாமி எது, அவுல்தார் எதுன்னே தெரியலடி"ன்னா.

மரத்தடியில கல்லை வெச்சாங்க. காசியம்மா சொம்பை எடுத்தா. தண்ணி தலையில படறதுக்கு முன்னாடியே ஆடு கொம்புலேர்ந்து வால் வரைக்கும் ஒரு சிலுப்பு சிலுப்பிச்சு பாருங்க, பக்கத்துல நின்ன அத்தனை பேரும் நனைஞ்சாங்க. பொங்கல் பொங்கிச்சு. அவுல்தார் ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார்.

தந்தி வேலை செஞ்சுதோ என்னவோ, அந்த வாரத்துலயே மெட்ராஸ்காரங்க வந்தாங்க. எங்களை எல்லாம் ரோட்டுக்கு அந்தாண்ட அனுப்பிட்டு, அதை அங்கேயே வெடிக்க வெச்சாங்க. கோயில் கோபுரத்துப் புறாவெல்லாம் எழுந்து பறந்துச்சாம், டவுன்ல சொன்னாங்க. பொங்கல் அடுப்பு வெச்ச இடத்துல ஒரு கிணறு மாதிரி பள்ளம்.

காசியம்மா கடையை அப்படியே போட்டுட்டு ஓடி வந்தா. பள்ளத்தை எட்ட நின்னு பார்த்தா. அப்புறம் என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "ஆத்தாளுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்குதுடி. அதான் எழுந்து வந்துட்டா"ன்னா.

"ஆமாக்கா"ன்னேன். சொறிஞ்சது நான்தான், நிஜம். ஆனா மாலையைத் தின்னச் சொன்னது நான் இல்லையே.

அன்னிக்கு அவுல்தார் எங்களை உக்கார வெச்சுச் சொன்னதை உங்களுக்கும் சொல்லிடறேன். ஒரு அடையாளம் வெச்சா, அதை நாம எதுக்கு வெச்சோம்னு பார்க்காதே, வர்றவன் அதை என்னன்னு நினைப்பான்னு பாரு. கொடியைத் துணின்னு நினைச்சான், போர்டைக் கதவுன்னு நினைச்சான், கல்லை முதல்ல நாற்காலின்னு நினைச்சான், அப்புறம் ஆத்தான்னு நினைச்சான். நாம மட்டும்தான் அபாயம்னு நினைச்சுக்கிட்டு இருந்தோம். அதுக்கப்புறம் எங்க சைட்டுல சப்பாத்திக் கள்ளிதான் வேலி. கள்ளியைக் கள்ளின்னுதான் எல்லாரும் நினைப்பாங்க. நேர்ந்து விட்ட அந்த ஆடு மட்டும் அதையும் தின்னுச்சு. சாமி ஆடாச்சே, யாரு விரட்டறது?

இப்போ ஒரு விஷயம், இதுக்காகத்தான் மைக்கு வேணாம்னாலும் எழுத ஒத்துக்கிட்டேன். காசியம்மா போய்ச் சேர்ந்துட்டா. அவ மருமக போன மாசம் என்னைப் பார்க்க வந்தா. ரோட்டை அகலப்படுத்தினப்ப வேப்பமரத்தை வெட்டி, கல்லை எடுத்து "கொஞ்சம் உள்ள தள்ளி" வெச்சிருக்காங்களாம். எவ்வளவு உள்ளேன்னு கேட்டேன். "நல்லா உள்ளதான், காத்தோட்டமா இருக்குது"ங்கறா. எந்தப் பக்கம்னு கேக்கறதுக்குள்ள பஸ்ஸு வந்துடுச்சு, போயிட்டா. ரோட்டுக்கு அந்தப் பக்கம்னா வயலு, கவலையில்லை. இந்தப் பக்கம்னா பொட்டல். பொட்டல்ல நாங்க முழங்கால் ஆழத்துக்குத்தான் மண்ணு எடுத்தோம். அதுக்குக் கீழே பார்த்தவங்க யாரும் இல்லை. இந்த ஆடிக்கு அங்க பெரிய பொங்கலாம்.

என் முட்டி என்னை அவ்வளவு தூரம் விடாது. உங்கள்ல யாராவது போய்ப் பாருங்க. மத்ததுல தப்பு இருந்தா சாவகாசமாத் திருத்திக்கங்க. ஆடு கறுப்பா செம்பட்டையா, பம்பை ஒண்ணா ரெண்டா, எனக்கு நிச்சயமில்லை. குப்பு அக்கா பொண்ணு வீட்டுல இருக்கா, கேட்டா சொல்லுவா, நிறுத்தறதுதான் கஷ்டம். கல்லு எந்தப் பக்கம்ங்கறதை மட்டும் உடனே பாருங்க.

பொட்டல் பக்கமா இருந்தா கத்தாதீங்க. குண்டுன்னும் சொல்லாதீங்க. காசியம்மா மருமகளைத் தனியாக் கூப்பிட்டு, உத்தரவு கேட்டாச்சான்னு கேளுங்க. அவகிட்ட ஆடு இருக்கு.